குடும்பம் மாடியில், விருந்தாளிகள் வீட்டில்

எங்கள் வீட்டில் யாரும் டாக்டரை எதிர்த்துப் பேச மாட்டோம். "சரி டாக்டர்" என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே வருவோம். ஆட்டோவில் ஏறியதும் ஆளுக்கொரு நியாயம் பேசி, டாக்டர் சொன்னதில் பாதியை சிக்னலிலேயே இறக்கிவிடுவோம். மீதி, ஆஸ்டின் டவுன் வந்து வீட்டுப் படி ஏறுவதற்குள் கரைந்துவிடும். இப்படித்தான் என் மாமனார் ஆம்ப்ரோஸின் காலில் கடுகளவு இருந்த புண், மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு விரல்களைக் கறுப்பாக்கிவிட்டது.

மாமாவுக்குச் சுகர். அது போதாதென்று பிடிவாதம் வேறு. இரண்டு விரல்களை எடுத்துவிட்டால் பாதம் பிழைக்கும், இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் கிருத்திகா சொன்னார். மாமா "சரி டாக்டர்" என்றார். ஆபரேஷன் நாளன்று குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் பூசி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "நான் வரல" என்றார். வேறு தேதி வாங்கினோம். அன்றைக்கும் அதே சட்டை, அதே பவுடர், அதே பதில்.

ஏன் வரவில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. பெட்டி அக்காவை விட்டுவிட்டு அவர் எங்கும் போக மாட்டார்.

பெட்டி அக்கா என் கணவர் லாயிடுக்கு மூத்தவள். நாற்பதைத் தாண்டியாயிற்று. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் எங்கள் தெருவில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும். என் மாமியார் போன பிறகு அப்பாவும் மகளும் ஒரு ஜோடியாகிவிட்டார்கள். அவளுக்குத் தலைவாரிப் பின்னல் போடுவது அவர். அவருடைய சட்டைக்குப் பொத்தான் போடுவது அவள். நான் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுவேன், இரண்டாம் வகுப்பு டீச்சர். லாயிடுக்கு ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் ஏ.சி. பராமரிப்பு வேலை. அவருடைய ஷிஃப்ட் எப்போது மாறும் என்பது கம்பெனிக்கே தெரியாது. மாமா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் பகலில் பெட்டி அக்காவை யார் பார்ப்பது? அதுதான் கேள்வி.

பதில் சொல்ல ஆட்களுக்கா பஞ்சம்? ஆஸ்பத்திரி கவுன்சிலர் அம்மா, அவளை ஒரு ஹோமில் சேர்த்துவிடுங்கள் என்றார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க மேல பாரம் ஜாஸ்தி" என்று கையை வேறு தடவிக்கொடுத்தார். நான் என்ன சிட்டி மார்க்கெட்டில் மூட்டையா தூக்குகிறேன்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளை ஹோமில் விட்டால் நாளைக்கு ஊர் என்ன பேசும்? பெற்ற மகளை மருமகள் துரத்திவிட்டாள் என்று பேசும். ஊரை விடுங்கள். சாயங்காலம் நான் கேட்டைத் திறக்கும்போது, ஆஞ்சலா என்ற என் பெயரைச் சுருக்கி, "ஆஞ்சி வந்தாச்சு" என்று மேலே இருந்து அவள் சத்தம் வராத வீட்டுக்குள் நான் எப்படிப் போவேன்?

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் ஸ்ரீஹர்ஷா வந்து சேர்ந்தார். ஒல்லியான ஆள். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார், நடுநடுவே கன்னடம் வந்து விழும். "இல்லையா" என்பது "அல்வா" ஆகிவிடும், "பேசுங்க" என்பது "மாத்தாடுங்க" ஆகிவிடும்.

"மேடம், இதுவரைக்கும் நாங்க சொன்னோம், நீங்க சரி சரின்னீங்க, ஒண்ணும் நடக்கலே, அல்வா? இனிமே வேற மாதிரி பண்ணலாம். நாங்க உங்க வீட்டுக்கு வந்து எங்களுக்குத் தெரிஞ்சத சொல்றோம். அப்புறம் எழுந்து வெளியே போயிடறோம். ஃபேமிலி மட்டும் உட்கார்ந்து மாத்தாடுங்க. முடிவு உங்களது. அத நடத்தறதுக்கு என்ன உதவி வேணுமோ, அது எங்க வேலை."

"நாங்க எத பேசி முடிச்சாலும் ஒத்துக்குவீங்களா?"

"யாருக்கும் ஆபத்து இல்லேன்னா ஒத்துக்குவோம்."

"டாக்டரம்மா?"

"அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. ஸ்வல்ப கஷ்டப்பட்டு."

சனிக்கிழமை காலை என்று முடிவாயிற்று. லாயிட் பேக்கரிக்குப் போய் காரா பன் வாங்கி வந்தார். மாமாவின் தம்பி ஓஸ்வால்ட் சித்தப்பா, ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். அவர் எந்த விஷயத்துக்கும் கோட்டோடும் முடிவோடும்தான் வருவார். பெட்டி அக்காவை உள் அறையில் உட்கார வைத்து, டிவியில் பாட்டைச் சத்தமாக வைத்து, கதவைச் சாத்தினேன். விரல் எடுக்கும் விஷயம் அவளுக்குத் தெரியாது. டாடியின் காலில் பூச்சி கடித்திருக்கிறது என்றுதான் சொல்லிவைத்திருந்தோம். சொன்னால் புரியாது, புரிந்தால் தாங்க மாட்டாள். எங்கள் எல்லாருடைய எண்ணமும் அதுதான்.

எங்கள் வீட்டில் எந்தக் கூட்டமும் ஜெபம் இல்லாமல் தொடங்காது. ஓஸ்வால்ட் சித்தப்பா எழுந்து நின்று கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, எங்க அண்ணன் கால தொட்டு சுகமாக்கும். டாக்டரம்மா கையை ஆசீர்வதியும். பெட்டியை நல்ல மடத்து சிஸ்டர்ஸ் கையில ஒப்படைக்கிற புத்தியை இந்தக் குடும்பத்துக்குத் தாரும். அந்த ஹோம்ல இப்ப ஒரு இடம் காலியா இருக்குதுன்னு உமக்கே தெரியும்..."

"ஆமென்" என்றேன் நான். மற்றவர்களும் ஆமென் சொல்லிவிட்டார்கள். சித்தப்பா ஒரு கண்ணைத் திறந்து என்னை முறைத்துவிட்டு உட்கார்ந்தார்.

டாக்டர் கிருத்திகா சேலத்துக்காரர். சுற்றி வளைக்காமல் பேசினார். இன்னும் தள்ளிப்போட்டால் என்ன ஆகும், எடுத்துவிட்டால் எத்தனை நாளில் நடக்கலாம், வீட்டில் என்ன பார்த்துக்கொள்ள வேண்டும் எல்லாவற்றையும் சொன்னார். எங்கள் வழக்கப்படி "சரி டாக்டர்" என்றோம்.

"சரின்னு எங்கிட்ட சொல்லாதீங்க. உங்களுக்குள்ள பேசிட்டு சொல்லுங்க" என்று அவர் எழுந்தார். ஸ்ரீஹர்ஷாவும் எழுந்தார். இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு படிக்கட்டில் போய் நின்றார்கள்.

அங்கேதான் சிக்கல் வந்தது. வீட்டுக்கு வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து பேசுவது எங்களுக்கு வராது.

"இன்னா மேன் லாயிட் இது? டாக்டர வாசல்ல நிக்க வெச்சிட்டு..." என்றார் சித்தப்பா. லாயிட் இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் போட்டார். நான் பன் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "டாக்டரா? ஏன் வெளிய உட்கார்ந்திருக்காங்க? சண்டையா?" என்று கேட்டாள். மாமாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "உள்ள கூப்பிடுடா அவங்கள!" என்று கத்தினார். கூப்பிட்டோம். ஸ்ரீஹர்ஷா கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், இது முறை சார். நாங்க இருந்தா நீங்க மனசுவிட்டு பேச மாட்டீங்க."

"முறை உங்களோட இருக்கட்டும். என் வீட்டுக்கு வந்தவங்க வெயில்ல உட்காரக் கூடாது" என்றார் மாமா. "அவங்க இங்கயே இருக்கட்டும். நாம மொட்டை மாடிக்குப் போலாம்."

காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. ஆகவே மாமாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினார்கள், முன்னால் லாயிட், பின்னால் கோட்டோடு சித்தப்பா. செப்டம்பர் திருவிழாவில் மாதா சப்பரம் போவது மாதிரி மாமா ஆடி ஆடி மேலே போனார். டாக்டர் "மெதுவா, மெதுவா" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார். நான் உள் அறைக் கதவைத் திறந்து, "பெட்டி அக்கா, விருந்தாளிங்க தனியா இருக்காங்க, கொஞ்சம் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் பின்னாலேயே ஏறினேன்.

குடும்பம் மட்டும் பேச வேண்டும் என்பதற்காகத்தான் மாடிக்குப் போனோம். குடும்பத்தில் ஒருத்தியைக் கீழே விட்டுவிட்டுப் போகிறோம் என்று எங்களில் ஒருவருக்காவது தோன்ற வேண்டுமே, தோன்றவில்லை.

மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில் மாமாவை இறக்கினோம். சித்தப்பா மூச்சு வாங்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஹோம்ல விடறதுல இன்னா தப்பு? சிஸ்டர்ஸ் நல்லா பார்த்துக்குவாங்க. பூசை இருக்குது, தோட்டம் இருக்குது."

"எவ்வளவு நாளைக்கு?" என்றார் லாயிட்.

"ஒரு மாசம். அண்ணன் எழுந்து நடக்கிற வரைக்கும்."

மாமா நிமிரவில்லை. தன்னுடைய கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, உங்களுக்கு பயமா இருக்குதா?" என்று கேட்டேன்.

"விரல் போறதுக்கு எனக்கு இன்னா பயம்? என்ன மயக்கத்துல போட்டுட்டு அவள அனுப்பிடுவீங்க. கண்ணு முழிச்சா அவ இருக்க மாட்டா. அதான்."

லாயிட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகை வந்தால் நான் அழ மாட்டேன், கத்துவேன். அதுதான் என் குணம்.

"நாங்க யாரும் அவள அனுப்பணும்னு துடிக்கல மாமா! ஆனா எனக்கும் முடியல. ஸ்கூல், சமையல், உங்க டிரெஸ்ஸிங், அவ குளிக்கறதுக்கு சண்டை, எல்லாத்துக்கும் நான் ஒருத்தி. லீவ் போட்டா ஹெட்மிஸ்ட்ரஸ் மூஞ்சிய தூக்கறா. நான் சோர்ந்து போயிருக்கேன் மாமா. அதுக்காக அவ வேண்டாம்னு அர்த்தமா?"

இதை நான் அதற்கு முன்பு சத்தமாகச் சொன்னதில்லை. லாயிட் என் தோளில் கை வைத்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு மாசம்னா, சரி" என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டியது. சித்தப்பா கைக்குட்டையை நீட்டினார்.

ஆக, முடிவு எடுத்துவிட்டோம். எல்லாருக்கும் சம்மதம், ஒருவருக்கும் சந்தோஷம் இல்லை. ஒரு மாசம் என்று ஹோமுக்குப் போனவர்கள் எங்கள் கோயில் பங்கில் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை கேக் எடுத்துக்கொண்டு போய் அவர்களைப் பார்த்துவிட்டு வருவோம். இது எனக்குத் தெரியும், லாயிடுக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும்.

சப்பரம் கீழே இறங்கியது.

கூடத்தில் டாக்டர் கிருத்திகா தரையில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே பெட்டி அக்கா. டாக்டரின் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு விரல்களைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீஹர்ஷா கையில் அவள் உரிக்கக் கொடுத்த பூண்டு. முறத்தில் உரித்த பூண்டு மலையாகக் கிடந்தது.

"இதுவும் இதுவுமா?" என்றாள் பெட்டி அக்கா.

"ஆமா. கடைசி ரெண்டும்."

எனக்குத் தலைக்கு ஏறியது. "டாக்டர்! யாரைக் கேட்டு அவகிட்ட சொன்னீங்க? நாங்க இத்தன நாள் பொத்திப் பொத்தி வெச்சிருக்கோம்!"

எங்கள் வீட்டில் டாக்டரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. டாக்டர் எழுந்திருக்கவில்லை.

"அவங்க கேட்டாங்க. டாடி கால்ல பூச்சி கடிக்கல, எனக்குத் தெரியும், என்ன ஆச்சு சொல்லுன்னாங்க. நேரா மூஞ்சிய பார்த்துக் கேக்கறவங்ககிட்ட நான் எப்படிங்க பொய் சொல்றது?"

பெட்டி அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள். அதுவும் மாமாவிடம்தான்.

"ரெண்டு விரல்தானே டாடி? ஊசி போட்டா மரத்துப் போயிடும். ஏன் போவ மாட்டேங்கற? வாசம் வருது. எனக்குத்தான் பேஜாரா இருக்குது, பக்கத்துல நான்தானே படுக்கறேன்?"

சித்தப்பாதான் அவள் பக்கம் குனிந்தார்.

"பெட்டிம்மா, டாடி போவாரு. நாங்க பேசி முடிச்சாச்சு. நீ மட்டும் ஒரு மாசம் ஹோம்ல சிஸ்டர்ஸ் கூட இருந்துக்கோ. நல்ல இடம். தோட்டம் இருக்குது."

"நல்ல இடம்னா நீ போ சித்தப்பா" என்றாள். "நான் டாடி கூட ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"அங்க கூட ஒருத்தர்தான் இருக்க முடியும் கண்ணு. அட்டெண்டர்னு சொல்லுவாங்க. தண்ணி குடுக்கணும், நர்ஸ கூப்பிடணும்..."

"தெரியும். டாக்டர் சொல்லிச்சு. நான்தான் அது."

இத்தனை வாரமாக, மாமா ஆஸ்பத்திரியில் இருந்தால் பெட்டி அக்காவோடு யார் இருப்பது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரியில் மாமாவோடு யார் இருப்பது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. நான் லீவ் போடுவேன் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், நான் உட்பட.

ஸ்ரீஹர்ஷா மெதுவாக டாக்டரைப் பார்த்தார். "ரூல் என்ன டாக்டர்?"

"பெரியவங்களா இருக்கணும். பேஷண்ட பார்த்துக்கத் தெரியணும்." டாக்டர் யோசித்தார். அவருக்கும் பயம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. "பெட்டி, டாடி திடீர்னு வேர்த்துக் கொட்டி உளறினா என்ன பண்ணுவீங்க?"

"சக்கரை வாயில போடுவேன். அப்புறம் கத்துவேன்."

"ராத்திரியில?"

பெட்டி அக்கா கொஞ்சம் தயங்கினாள். "ராத்திரி எனக்குத் தூக்கம் வந்துடும். ராத்திரி லாயிட் இருக்கட்டும். அவன் ஷிஃப்ட்ல முழிச்சுப் பழகினவன்."

லாயிட் சிரித்துவிட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் முதலில் சிரித்தது அவர்தான். "நான் ராத்திரி வரேன் டாக்டர். லீவ் சொல்லிக்கறேன்."

"கூட ரெண்டு பேர் தங்கற ரூமா பார்த்துத் தரேன்" என்றார் டாக்டர். "நர்ஸ்கிட்ட நானே பேசறேன். ஆனா ஒண்ணு. பெட்டியால முடியலன்னா முடியலன்னு சொல்லணும். அப்ப ஆஞ்சலா வரணும்."

"பகல்ல நான் போன் பண்ணிப் பார்த்துக்கறேன் மேடம்" என்றார் ஸ்ரீஹர்ஷா. "வீட்டுக்கு வந்தப்புறம் டிரெஸ்ஸிங்குக்கு நர்ஸ் அனுப்பறோம். ஆஞ்சலா மேடம் அத தொட வேண்டாம். சாகா இது, போதுமா?"

இவ்வளவு சுலபமாக என் கையிலிருந்து ஒரு வேலையை யாரும் வாங்கிக்கொண்டதில்லை. "அவ வந்தா நான் வரேன்" என்றார் மாமா.

"மாடியில பேசினது?" என்றார் சித்தப்பா, கொஞ்சம் பரிதாபமாக.

"அத மாடியிலயே விட்டுடலாம் சித்தப்பா" என்றேன். அவருக்கு இன்னொரு பன் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

அந்த வாரமே போனோம். மாமா வெள்ளைச் சட்டை, பவுடர். பெட்டி அக்கா கோயிலுக்குப் போகும் கவுன். கழுத்தில் அட்டெண்டர் பாஸ். அதை இரண்டு தடவை லிஃப்ட்காரருக்கு அவர் கேட்காமலேயே காட்டினாள். நான் பள்ளிக்கூடத்தில் அரைநாள் லீவ் சொல்லிவிட்டு வந்திருந்தேன். மனசு கேட்கவில்லை. அவளால் முடியாமல் போய்விட்டால்? அழுதுவிட்டால்? மாமாவை உள்ளே கொண்டுபோனதும் அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்ட ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். லாயிட் நடந்துகொண்டே இருந்தார்.

ஆபரேஷன் முடிந்து மாமாவை அறைக்குக் கொண்டுவந்தார்கள். நர்ஸ் கதவருகே நின்று, "ஆம்ப்ரோஸ் அட்டெண்டர் யாரு?" என்று கேட்டார். எழுந்தது நான். இத்தனை வருஷப் பழக்கம். பெட்டி அக்கா என் கையைப் பிடித்து என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"நான்தான் சிஸ்டர்" என்று பாஸைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். கதவு முழுசாகச் சாத்தவில்லை. இடுக்கு வழியே கட்டிலின் கால்மாடும் வெள்ளைக் கட்டும் தெரிந்தன. நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது, நிறைய நிம்மதியாக இருந்தது, இரண்டும் சேர்ந்து கண்ணீராக வந்தது. இந்தத் தடவை நான் கத்தவில்லை.

வெகுநேரம் கழித்து உள்ளே மாமாவின் குரல் கேட்டது. மயக்கம் தெளியாத, குழறிய குரல்.

"பெட்டி... பெட்டி எங்க?"

"இங்கதான் இருக்கேன் டாடி. நான் எங்க போவேன்?" என்றாள் பெட்டி அக்கா. "சும்மா படு. தண்ணி கேக்காத, இப்ப குடுக்கக் கூடாதாம்."